தென்னை மரத்தில் 160 மீட்டர் ஆண்டனா: கம்பியைவிட மண் முக்கியம்

ஹாம் ரேடியோவில் (பொழுதுபோக்காக வானொலியில் பேசுவதில்) 160 மீட்டர் அலைவரிசை என்றாலே டவர் வேண்டும், ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும் என்று பலர் அந்தப் பக்கமே போவதில்லை. டெல்டாக்காரர்கள் அப்படி விட்டுவிடக் கூடாது. உயரத்துக்குத் தென்னை இருக்கிறது, கீழே ஈரக் களிமண் இருக்கிறது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் கொல்லையில் நான் கட்டியிருப்பதை அப்படியே சொல்கிறேன். உங்களிடம் ஹாம் உரிமமும் டிரான்ஸீவரும் (அனுப்பவும் கேட்கவும் உதவும் ரேடியோ) இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

1. கம்பி

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். செம்புக் கம்பி, 50 மீட்டர். அலுமினியம் வேண்டாம், சால்டர் பிடிக்காது. மரம் ஏறுபவரிடம் சொல்லி, மட்டைக்குக் கீழே ஒரு சின்னக் கப்பி கட்டுங்கள். நைலான் கயிற்றில் கம்பியை இழுத்து, 15 மீட்டர் செங்குத்தாகவும் மீதியை அடுத்த மரம் வரை கிடையாகவும் விடுங்கள். கயிற்றின் நுனியைக் கட்டிப் போடாமல் ஒரு செங்கல்லைத் தொங்கவிட வேண்டும். காற்றில் மரம் ஆடினால் கல் ஏறி இறங்கும், கம்பி அறாது. மின்கம்பி போகும் பக்கம் கட்டவே கட்டாதீர்கள்.

2. மண்

இங்கேதான் நிதானம் வேண்டும். நிறையப் பேர் ஒரு எர்த் ராடு அடித்து, மீட்டரில் எஸ்.டபிள்யூ.ஆர். (ரேடியோவும் ஆண்டனாவும் எவ்வளவு பொருந்துகின்றன என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 என்று பார்த்ததும் வேலை முடிந்தது என்று விடுகிறார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். ஆண்டனாவின் பங்கு 25 ஓம், மண்ணில் வீணாவது 25 ஓம். கூட்டினால் 50, டிரான்ஸீவர் எதிர்பார்க்கும் அதே அளவு. மீட்டர் அருமையாகக் காட்டும், ஆனால் பாதி பவர் மண்ணைச் சூடாக்கிக்கொண்டிருக்கும்.

அதனால் தரையில் ரேடியல் கம்பிகளைப் பரப்புங்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் எனாமல் கம்பி போதும். ஒவ்வொன்றும் 20 மீட்டராக 16 கம்பிகள், மரத்தடியிலிருந்து எல்லாத் திசையிலும். நீளமாக நாலு போடுவதைவிடக் குட்டையாகப் பதினாறு போடுவது மேல். நாலு நாலாகச் சேர்த்து நானோ விஎன்ஏவில் (ஆண்டனாவை அளக்கும் சின்னக் கருவி) ஓம் அளவைப் பாருங்கள், குறைந்துகொண்டே வரும். எஸ்.டபிள்யூ.ஆர். கெடுகிறதே என்று பயப்பட வேண்டாம். மண் விழுங்கியதுதான் குறைகிறது.

3. பொருத்துதல்

வழக்கமாக வைக்கும் கால் அலைநீளம் சுமார் 39 மீட்டர்தான். 50 மீட்டர் வைத்ததற்குக் காரணம், நீளம் கூடினால் ஆண்டனாவின் ஓமும் கூடி 50 ஓம் பக்கம் வரும். கூடவே வரும் இண்டக்டன்ஸைக் கழிக்கக் கம்பியின் அடியில் தொடராக ஒரு கேங் கண்டென்சர் போடுங்கள். பழைய வால்வு ரேடியோவில் வருவது, 500 பைக்கோஃபாரட் வகை. மெதுவாகத் திருப்பினால் ஓரிடத்தில் எஸ்.டபிள்யூ.ஆர். இறங்கி நிற்கும். 50 வாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அதிகமானால் தகடுகளுக்கு நடுவே பொறி பறக்கும்.

4. எப்போது அழைப்பது

பகலில் அயனி மண்டலத்தின் டி அடுக்கு இந்த அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்ததும் கிழக்கே ஜப்பான், ஆஸ்திரேலியா. விடிவதற்குச் சற்று முன் மேற்கே ஐரோப்பா. ஐப்பசி, கார்த்திகையில் இடி இரைச்சல் தாங்காது. தையும் மாசியும்தான் நமக்குக் காலம். குரலை நம்பாதீர்கள், 1840 கிலோஹெர்ட்ஸில் எஃப்டி8 (கணினி வழியாகச் சின்னச் சின்ன எழுத்துச் செய்தி அனுப்பும் முறை) வையுங்கள். காதுக்கே எட்டாத சிக்னலையும் அது பிரித்துக் கொடுக்கும். பக்கத்து பம்புசெட், எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் மூன்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

பின்சேர்க்கை

எஃப்டி8 மென்பொருளில் சிக்னல்களைக் காட்டும் நீர்வீழ்ச்சித் திரையில் கோடுகள் தெரிகின்றன, ஒரு எழுத்தும் வரவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். முதலில் லேப்டாப் கடிகாரத்தைப் பாருங்கள். எஃப்டி8 15 விநாடிக் கணக்கில் ஓடுவது. இரண்டு மூன்று விநாடி தள்ளினாலே வராது. கொல்லையில் இணையம் இல்லையென்றால் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் நேரத்தைச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள்.

இன்னொன்று: சம்பா அறுவடை மெஷின் இறங்கும் முன் வயல் பக்கத்து ரேடியல்களைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். இடி முழங்கினால் ஆண்டனாவிலிருந்து வரும் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிட வேண்டும்.