முதலீட்டுக்கு முன் போட வேண்டிய கணக்கு

முதலீட்டைப் பற்றி யோசிக்கும் முன், உங்கள் கடன்கள் அனைத்தையும் வட்டி விகிதத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3 சதவீத வட்டி என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் வட்டிக்கு வட்டி ஏறி, ஓராண்டில் அது 42 சதவீதத்தைத் தாண்டிவிடும் என்பதால், அந்தக் கடனை அடைப்பதைவிட உறுதியான ஆதாயம் தரும் முதலீடு எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை.

அடுத்து, 3 முதல் 6 மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகையை, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

அதன் பிறகே நீண்டகால முதலீடு. இங்கே பலரும் வருமானத்தை மட்டும் பார்த்துவிட்டு, நிர்வாகக் கட்டணத்தைக் கவனிக்கத் தவறுகிறார்கள். ஆண்டுக்கு 8 சதவீதம் வளரும் நிதியில் போட்ட 1,000 ரூபாய், 30 ஆண்டுகளில் ஏறத்தாழ 10,060 ரூபாய் ஆகும். ஆண்டுதோறும் 1 சதவீதம் கட்டணமாகப் போய் 7 சதவீத வளர்ச்சி மட்டுமே மிஞ்சினால், கையில் கிடைப்பது சுமார் 7,610தான். ஆகவே திட்ட ஆவணத்தில் (பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும்) செலவு விகிதத்தை, அதாவது ஆண்டுக் கட்டணம் எத்தனை சதவீதம் என்பதைத் தேடிப் பார்த்து, சந்தைக் குறியீட்டை அப்படியே பின்தொடரும் குறியீட்டு நிதிகளின் கட்டணத்தோடு ஒப்பிட்ட பின்னரே கையொப்பமிடுங்கள். 5 ஆண்டுகளுக்குள் தேவைப்படும் பணத்தைப் பங்குகளில் போடாதீர்கள். சந்தை சரிந்திருக்கும் நேரத்திலேயே விற்க வேண்டிய கட்டாயம் வரலாம்.