மைக் முன்னால் மேக்பெத்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒலிப்பதிவுக்கென்றே எழுதியதுபோல ஷேக்ஸ்பியரில் ஒரு காட்சி உண்டு: ‘மேக்பெத்’ நாடகத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. அரசன் டங்கனைக் கொன்றுவிட்டு ரத்தம் படிந்த கையோடு மேக்பெத் இறங்கி வருகிறான், மனைவி காத்திருக்கிறாள். கொலை நம் கண்ணில் படுவதே இல்லை. எல்லாம் காதுக்குத்தான். இதையும் கெடுத்துவிட முடியும், பெரும்பாலும் அதிக ஆர்வத்தால்.

காட்சி முழுக்க ராத்திரிச் சத்தத்தை ஓடவிடுவது முதல் தவறு. ஆந்தை அலறியதையும் சுவர்க்கோழி கத்தியதையும் லேடி மேக்பெத்தே சொல்கிறாள். குளோப் அரங்கில் நாடகம் நடந்தது பட்டப்பகலில். இருட்டை வசனத்தாலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. அந்த வேலையை ஷேக்ஸ்பியர் முடித்துவைத்திருக்கிறார். ஆந்தை ஒரே ஒரு தடவை அலறட்டும், அவள் திடுக்கிடட்டும். அப்புறம் நிசப்தம். அடியில் சோக வயலின் ஓடினால் அந்தத் திடுக்கிடல் காணாமல் போய்விடும்.

கதவு தட்டும் சத்தத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மைக் பக்கத்தில் மேசையைத் தட்டிப் பதிவு செய்தால், தட்டுகிறவன் அறைக்குள்ளேயே நிற்பதுபோல ஆகிவிடும். சத்தம் தெற்கு வாசலிலிருந்து வருவதாக வசனமே சொல்கிறது. எனவே இரண்டு அறை தள்ளி ஒரு கனமான மரக்கதவைத் தட்டச் சொல்லுங்கள். இடையில் இருக்கும் கதவையும் சாத்திவிடுங்கள். முதல் தட்டல், கேட்டதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்கு இருந்தால் போதும். வசனத்தின் மேல் விழாமல் இடைவெளியில் விழ வேண்டும். தட்டித் தட்டி டங்கனை எழுப்பு, எழுப்ப முடிந்தால் நல்லதுதான் என்று கடைசியில் மேக்பெத் உடைந்துபோவது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்.

மேடைக் குரல் இங்கே ஆகாது. கடைசி வரிசைக்கு எட்டும்படி முழங்கினால், வீட்டில் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்பவருக்குத் தோன்றும். அதற்காக முழுக்கக் கிசுகிசுத்தாலும் காது களைத்துவிடும். குரலைத் தாழ்த்தி, மைக்குக்குச் சற்றுப் பக்கவாட்டில் பேசுங்கள்.

‘பேசினாயா?’ ‘எப்போது?’ ‘இப்போது.’ ‘இறங்கும்போதா?’ ‘ஆமாம்.’ இப்படி ஒற்றைச் சொற்களாகப் போகும் இடத்தை, நடிகர்களைத் தனித்தனியே பதிவு செய்து ஒட்டாதீர்கள். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குக் கேட்க வேண்டும். நடுவில் கதைசொல்லி வந்து கையில் ரத்தம் என்று விளக்கவும் வேண்டாம். கையைக் கழுவு என்று அவளே சொல்லப்போகிறாள். தொடக்கத்தில் இரண்டு வரி முன்கதை போதும்.

‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில் கொலையுண்ட சீசருக்காக அவன் நண்பன் ஆண்டனி பேசும் காட்சிக்கு, எங்கோ முன்பே பதிவு செய்த கூட்டச் சத்தத்தைப் போடுகிறவர்கள் உண்டு. அந்தக் கூட்டம் முதலில் சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் பக்கம் நின்று, கொஞ்சம் கொஞ்சமாக மனம் மாறுகிறது. ஒரே இரைச்சல் திரும்பத் திரும்ப ஓடினால் அந்த மாற்றம் எப்படித் தெரியும்? ஆறேழு பேரை வெவ்வேறு தூரத்தில் நிற்கவைத்து, பேச்சைக் கேட்டுக்கொண்டே முணுமுணுக்கச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போயிற்று. ஷேக்ஸ்பியரின் மூலத்துக்கு உரிமை கேட்க யாரும் இல்லை; தமிழ் மொழிபெயர்ப்புக்கு இருக்கலாம். இந்தியாவில் மொழிபெயர்ப்பாளர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். இணையத்தில் ஏற்றும் முன் அனுமதி வாங்கி, அவர் பெயரையும் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.