திருகோணமலையிலிருந்து ஊடகங்களுக்குச் செய்தி அனுப்புவது எப்படி?

முன்பு ஊடக அறிக்கையைத் தொலைநகலில் அனுப்பிவிட்டு மறுநாள் பத்திரிகைக்குக் காத்திருந்தால் போதும். இப்போது நிலாவெளியில் நிகழ்ச்சி முடிவதற்குள் யாராவது முகநூலில் நேரலை போட்டுவிடுவார். அதனால் அறிக்கையை முதல்நாளே எழுதி வையுங்கள். அன்று பெயர், எண்ணிக்கை மட்டும் திருத்தினால் அரை மணித்தியாலத்தில் அனுப்பலாம்.

எழுத்துருதான் பெரிய தலையிடி. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டியதை அப்படியே வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். எல்லாக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு மாற்றியபின் கொம்புள்ள எழுத்துகளை ஒருமுறை கவனமாகப் பாருங்கள். பிசகுவது பெரும்பாலும் அங்கேதான். பிடிஎப் மட்டும் அனுப்பாதீர்கள். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் எழுத்துகள் சிதறும், அவசரத்தில் இருக்கும் நிருபர் விட்டுவிடுவார்.

படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் வட்ஸ்அப் சுருக்கிவிடும், அச்சில் மங்கும். ‘ஆவணம்’ வழியாக அனுப்புங்கள். மூன்று படம் போதும். படத்தில் நிற்பவர்களின் பெயர்கள் இடமிருந்து வலமாக.

சிங்கள அறிக்கையை இயந்திர மொழிபெயர்ப்பிடம் விடவேண்டாம். இந்த ஊரில் பிழை பிடிக்கப் பக்கத்துக் கடைக்காரரே போதும்! தவறு போய்விட்டால் வட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். பிந்தினால் ‘திருத்தம்’ என்று தலைப்பிட்டுப் புதிதாக அனுப்புங்கள். சத்தமில்லாமல் அழித்தால் சந்தேகம்தான் வரும்.