பெயிண்ட் காய்ந்த பிறகு பல்லிளிக்கும் தவறுகள்: மாடல் கார் கட்டுபவர்களுக்கு

மாடல் கார் கட்டுவதில் உள்ள வம்பே இதுதான்: தவறு நடக்கும்போது தெரியாது. மூன்று வேலை தள்ளி, பெயிண்ட் பளபளவென்று காய்ந்த பிறகுதான் பல்லிளிக்கும். பானெட்டில் பெயிண்ட் ஒட்டாமல் பெருவிரல் அளவுக்கு ஒரு வட்டம் தெரிகிறதென்றால், அந்த விரல் நேற்று பட்டதல்ல, போன வாரம் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்கும் முன்பே பட்டது. இது புரியாதவரை பெயிண்ட்மேல் பழியைப் போட்டு ஸ்ப்ரே கேனை மாற்றிக்கொண்டே இருப்போம். நானும் இரண்டு வருடம் அப்படித்தான் இருந்தேன்.

முதலில் பிளாஸ்டிக் கிட். 1/24 அளவில், அதாவது நிஜக் காரில் 24-இல் ஒரு பங்கு அளவில், டமியா போன்றவர்கள் விற்கும் பெட்டிக்குள் பாகங்களெல்லாம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வரும். அச்சிலிருந்து சுலபமாகக் கழன்று வருவதற்காகப் பூசிய எண்ணெய்ப் பிசுக்கு அவற்றின்மேல் மிச்சம் இருக்கலாம். பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும் போதும். கழுவிக் காய்ந்த பிறகு பாடியை வெறும் கையால் தொடாதீர்கள். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றின் தலையில் டபுள் டேப் போட்டு, பாடியை உள்பக்கமாக மாட்டிவிட்டால் கடைசிவரை அதுவே கைப்பிடி.

பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ஒட்டி வெட்டக் கூடாது. கொஞ்சம் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் மிச்சத்துக்கு இன்னொரு வெட்டு. ஒரே வெட்டில் முடிக்கப் பார்த்தால் பிளாஸ்டிக் உள்வாங்கிப் பள்ளம் விழும்.

அடுத்தது அச்சுக்கோடு. அச்சின் துண்டுகள் சேரும் இடத்தில் பாடிமேல் மயிரிழைபோல ஒரு மேடு ஓடும். பெரும்பாலும் மட்கார்டின் மேலும், கூரையைத் தாங்கும் தூண்களின் மேலும் இருக்கும். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்கே படாது. மெட்டாலிக் பெயிண்ட் அடித்ததும் தழும்புபோலத் தெரியும். ஒர்க்‌ஷாப்பில் பட்டி பார்ப்பவரைக் கவனியுங்கள். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதுதான் அதிகம். நகத்தை மெல்ல ஓட்டினால் கோடு தட்டுப்படும். 600 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போய்விடும்.

தேய்க்கும் வேகத்தில் கதவுக் கோடும் சேர்ந்து மழுங்கும், அதையும் பாருங்கள். நிஜக் காரில் கதவு இடுக்கு 4 அல்லது 5 மில்லிமீட்டர். அதை 24-ஆல் வகுத்தால் 0.2 மில்லிமீட்டர்தான். ப்ரைமர், கலர், மேலே நிறமில்லாத கிளியர் என்று அடுக்கடுக்காகப் பூசும்போது அந்த இடுக்கு தூர்ந்தே போகும். கதவே இல்லாத காராக வந்து நிற்கும். ஆகவே ப்ரைமருக்கு முன்பே பிளேடின் முதுகுப் பக்கத்தால் எல்லாக் கோடுகளையும் இரண்டு மூன்று முறை இழுத்து ஆழமாக்கிவிடுங்கள்.

சரி, பெயிண்ட். ஒரே பூச்சில் கலர் முழுவதும் ஏறிவிட வேண்டும் என்ற ஆசைதான் முதல் எதிரி. ஸ்ப்ரே கேனை 15 முதல் 20 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாடிக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, பாடியைத் தாண்டிய பிறகு விட வேண்டும். முதல் பூச்சு தூறல் போட்ட மாதிரி இருந்தால் போதும். கேனில் அழுத்தம் குறைவாகத் தெரிந்தால் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வையுங்கள். கொதிக்கும் தண்ணீரிலோ அடுப்பருகிலோ வைத்தால் வெடிக்கும்.

நம் ஊரில் வானிலையையும் பார்த்தாக வேண்டும். ஒரு நவம்பர் மாதம், மழை விட்ட இடைவெளியில் சென்னையில் மொட்டை மாடிக்குப் போய் ஒரு கறுப்புப் பாடிக்கு கிளியர் அடித்தேன். பத்து நிமிடத்தில் கார் முழுக்க விபூதி பூசினாற்போல் வெளுத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலிருக்கும் ஈரம் அங்கே படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. லேசான வெளுப்பாக இருந்தால், காற்று உலர்ந்த ஒரு நாளில் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு அடிக்க அது கரைந்து தெளிவதுண்டு. மே மாத நடுப்பகலில் இதற்கு நேர்மாறு: பெயிண்ட் காற்றிலேயே காய்ந்து, பாடிமேல் பொடியாக விழுந்து, தொட்டால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும். வெயில் ஏறுமுன், காற்று கிளம்புமுன் காலை ஏழு மணி வாக்கில் அடிப்பதுதான் எனக்குச் சரிப்படுகிறது. அடித்தவுடன் பெரிய பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடிவிட்டால் தூசி விழாது. மாஸ்க் போடுங்கள்; துணி மாஸ்க் தின்னர் வாடையைத் தடுக்காது, கரி வடிகட்டி உள்ளது வேண்டும்.

எதன்மேல் எதை அடிக்கிறோம் என்பதில்தான் மனம் உடையும் அளவுக்கு இழப்பு வரும். லாக்கர், எனாமல் என்று பெயிண்டில் வகைகள் உண்டு. காய்ந்த லாக்கர்மேல் எனாமல் அடிக்கலாம். எனாமல்மேல் லாக்கர் அடித்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி கண்முன்னே கொப்பளித்துச் சுருங்கும். நிஜக் கார்களுக்கு டச்சப் செய்ய விற்கும் ஸ்ப்ரேயையும் வெறும் பிளாஸ்டிக்மேல் நேராக அடிக்காதீர்கள். அதிலுள்ள தின்னர் கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்து வெடிப்பு வெடிப்பாக்கிவிடும். நடுவில் ப்ரைமர் கட்டாயம். சிவப்பு பிளாஸ்டிக்கில் வந்த பாடிக்கு வெள்ளை அடிக்க நினைப்பவர்களுக்கும் இதுவே. தடுப்புப் பூச்சு இல்லாவிட்டால் சிவப்பு கசிந்து, சில நாளில் ரோஸ் கலர் கார் கிடைக்கும்.

மாற்றி அமைப்பதில் கணக்குப் பிசகுதான் அதிகம். 1/24, 1/25 இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்கள்தானே என்று அமெரிக்க கிட் ஒன்றின் பாகங்களை ஜப்பானியக் காரில் பொருத்தப் பார்ப்பார்கள். நாலரை மீட்டர் கார் முன்னதில் 187.5 மில்லிமீட்டர், பின்னதில் 180. எஞ்சினில் இந்த வித்தியாசம் மறைந்துவிடும், பம்பரில் மறையாது. வீலும் அப்படியே. 15 இஞ்ச் வீல் 1/24-இல் சுமார் 16 மில்லிமீட்டர், 18 இஞ்ச் வீல் 19. அழகாக இருக்கிறதே என்று 21 மில்லிமீட்டர் வீலை மாட்டினால் அது 20 இஞ்ச். பழைய காருக்கு மாட்டுவண்டிச் சக்கரம்போல் இருக்கும். அதைச் சமாளிக்க மட்கார்டை வெட்டுவோம், பிறகு வெட்டியதை மூட பட்டி. காரைத் தாழ்த்துவதாக இருந்தால் பெயிண்டுக்கு முன்பே பாடி, சேஸிஸ், சீட், கண்ணாடி எல்லாவற்றையும் ஒட்டாமல் டேப் போட்டுப் பொருத்திப் பாருங்கள். அலுப்பான வேலைதான். என் மேஜையில் பாதியில் நிற்கும் கார்களில் முக்கால்வாசி இதைச் செய்யாததால் நிற்பவை.

ஹாட் வீல்ஸ் மாதிரி 1/64 உலோகக் கார்களைப் பிரிப்பவர்கள் பாடியையும் அடிப்பாகத்தையும் பிணைக்கும் ரிவெட்டைத் துளைக்கும்போது ஆழமாகப் போய்விடுகிறார்கள். விரிந்த தலை கழன்றால் போதும், அங்கேயே நிறுத்துங்கள். கீழே இருக்கும் தூணில்தான் பிறகு எம்2 (2 மில்லிமீட்டர்) திருகு ஏற வேண்டும். ஆரம்பத்தில் பஞ்ச் வைத்து ஒரு புள்ளி தட்டாவிட்டால் டிரில் வழுக்கி ஓடும். பெயிண்ட் ரிமூவரில் போடும் முன் கண்ணாடியையும் சீட்டையும் கழற்றுங்கள். பாடி உலோகம்தானா என்றும் பாருங்கள். சிலவற்றில் அடிப்பாகம் உலோகம், பாடி பிளாஸ்டிக். ரிமூவரில் அது குழைந்துவிடும்.

பசையைப் பற்றி இரண்டு வார்த்தை. தண்ணீர்போன்ற பிளாஸ்டிக் சிமென்ட் இடுக்கு வழியாகத் தானே ஓடும். அழுத்திப் பிடித்திருக்கும் விரலுக்கு அடியிலும் ஓடி, பாடியில் ரேகையை அச்சடித்துவிடும். இடுக்கின்மேல் விரல் வைக்காமல் தள்ளிப் பிடியுங்கள். சூப்பர் க்ளூவின் ஆவி கண்ணாடியில் பனி படர்ந்தாற்போல் வெளுக்கும். கண்ணாடிகளுக்கு ஃபெவிகால் போதும், வெள்ளையாக இருந்தாலும் காய்ந்ததும் தெளிந்துவிடும். ஸ்டிக்கர் மாதிரி இருக்கும் தண்ணீர் டெகாலை பளபளப்பில்லாத மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி வெள்ளியாகத் தெரியும். முதலில் பளபளப்பான கிளாஸ் பூச்சு, அதன்மேல் டெகால்.

பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடிகளை (சைடு மிரர்) மற்ற வேலையெல்லாம் முடிந்த பிறகே ஒட்டுங்கள். முதலிலேயே ஒட்டினால் பாலிஷ் போடும்போது உடையும். கடைசியில் ஒட்டினாலும் எடுக்கும் விதம் முக்கியம். என் நிஸான் ஆர்32 ஸ்கைலைன் மாடலுக்கு இடப்பக்கம் ஒட்டியாயிற்று. வலப்பக்கத்துக் கண்ணாடி ட்வீசர் நுனியிலிருந்து டிக்கென்று தெறித்தது. இரவெல்லாம் டார்ச் அடித்துத் தேடிவிட்டு, காலையில் பார்க்கலாம் என்று படுத்தேன். எழுந்தபோது வீடு பெருக்கியாகிவிட்டது. இப்போது சிறு பாகங்களைப் பெரிய தாம்பாளத்துக்குள் வைத்துத்தான் எடுக்கிறேன்.