வீட்டு லேபில் விலான்: போன பாக்கெட் எப்படித் திரும்பி வரும்?

எட்டு போர்ட் மேனேஜ்டு ஸ்விட்ச் (அமைப்பை நாமே மாற்றக்கூடியது) ஒன்று, பிஎஃப்சென்ஸ் (ரவுட்டர், ஃபயர்வால் வேலை செய்யும் மென்பொருள்) போட்ட பழைய மினி பிசி, வைஃபைக்கு ஒரு ஆக்சஸ் பாயின்ட், கோப்புகளைச் சேமிக்க ஒரு நாஸ். சின்ன ஹோம் லேப் என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான். ஒரே ஸ்விட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வழிதான் விலான். வீட்டார் போன், லேப்டாப்புக்கு விலான் 10, சர்வர்களுக்கு 20, கேமரா, ஸ்மார்ட் பல்புக்கு 30 என்று பிரிப்பது காகிதத்தில் ஒரு மணி நேர வேலை. அது ராத்திரி வரை இழுக்கும்போது காரணம் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கும்: பாக்கெட் போகும் வழியை அமைத்துவிட்டு, பதில் வரும் வழியை யோசிக்காமல் விட்டிருப்பார்கள்.

ஸ்விட்ச்சிலேயே இது தொடங்கிவிடுகிறது. 802.1க்யூ தரப்படி ஃபிரேமில் (கேபிளில் போகும் டேட்டாத் துண்டு) எந்த விலான் என்று சொல்லும் 4 பைட் டேக் ஒன்று சேர்கிறது. அதில் விலான் எண்ணுக்கு 12 பிட். அதனால்தான் 1 முதல் 4094 வரை எண் வைக்க முடிகிறது. சாதாரண கம்ப்யூட்டரும் பிரிண்டரும் டேக்கோடு பேசுவதில்லை. அவை இருக்கும் போர்ட்டை அன்டேக்டு என்று வைத்தால், வெளியே போகும் ஃபிரேமின் டேக்கை ஸ்விட்ச் கழற்றிவிடும். சரி, கம்ப்யூட்டரிலிருந்து டேக் இல்லாமல் உள்ளே வருவதை எந்த விலானில் சேர்ப்பது? அதை முடிவு செய்வது பிவிஐடி, அதாவது அந்தப் போர்ட்டுக்கென்று குறித்துவைக்கும் விலான் எண். விலை குறைந்த பல ஸ்விட்ச்களில் இந்த அமைப்பு வேறொரு பக்கத்தில் இருக்கும், கண்ணில் படாது.

போர்ட் 5-ஐ விலான் 20-இல் அன்டேக்டு ஆக்கிவிட்டு, பிவிஐடியை 1-லேயே விட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் ஐபி கேட்டு அனுப்புவது விலான் 1-க்குள் போகும். அந்தப் போர்ட் இன்னும் விலான் 1-லும் உறுப்பினராக இருந்தால், பழைய 192.168.1 வரிசையிலேயே ஒரு முகவரி வந்து சேரும். விலான் 1-லிருந்து நீக்கியிருந்தால் பதிலே வராது, 169.254 என்று தொடங்கும், தானே வைத்துக்கொண்ட முகவரியோடு கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டில் எதைப் பார்த்தாலும் ரவுட்டரைக் குடைய வேண்டாம், முதலில் பிவிஐடியைப் பாருங்கள். ஒரே போர்ட்டை இரண்டு விலான்களில் அன்டேக்டாக வைத்திருக்கவும் வேண்டாம்.

பழைய சிஸ்கோ ஸ்விட்ச் வாங்கியவர்களுக்கு வேறொரு பள்ளம் இருக்கிறது. டிரங்க் போர்ட்டில் (பல விலான்கள் டேக்கோடு ஒன்றாகப் போகும் போர்ட்) விலான் 10, 20 ஓடிக்கொண்டிருக்கும். 30-ஐச் சேர்க்க நினைத்து ‘ஸ்விட்ச்போர்ட் டிரங்க் அலவ்டு விலான் 30’ என்று அடித்தால் அது சேர்ப்பதில்லை, முழுப் பட்டியலையும் அழித்துவிட்டு 30-ஐ மட்டும் வைக்கும். எண்ணுக்கு முன்னால் ‘ஆட்’ என்ற சொல் வேண்டும். அது விட்டுப்போனால், நீங்கள் உள்ளே நுழைந்திருந்த விலானும் பட்டியலோடு போய்விடும்.

தன்னைத்தானே வெளியே தள்ளிப் பூட்டிக்கொள்வது இந்த வேலையில் சகஜம். தடுக்க வழியும் இருக்கிறது. மைக்ரோடிக் ரவுட்டரில் சேஃப் மோடு இருக்கிறது; அதில் இருக்கும்போது இணைப்பு அறுந்தால், செய்த மாற்றத்தை அதுவே திருப்பிவிடும். பிரிட்ஜில் (போர்ட்களை ஒன்றாக இணைக்கும் அமைப்பு) விலான் ஃபில்டரிங்கை ஆன் செய்வதற்கு முன் சேஃப் மோடை ஆன் செய்துவிடுங்கள். சிஸ்கோவில் ‘ரீலோட் இன் 10’ என்று போட்டுவிட்டு வேலை செய்யலாம். கன்ஃபிகைச் சேமிக்காதவரை, பத்து நிமிடத்தில் ரீஸ்டார்ட் ஆகிப் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த வசதி எதுவும் இல்லாத ஸ்விட்ச் என்றால், ஒரு போர்ட்டைக் கடைசி வரை தொடாமல் வைத்திருங்கள்.

அப்புறம் ரவுட்டிங். ஒவ்வொரு விலானுக்கும் தனி சப்நெட் (ஐபி முகவரி வரிசை) வேண்டும். விலான் 20-க்கு 192.168.20.0/24 என்று எண்ணையே முகவரியில் வைத்துவிட்டால், லாக் பார்க்கும்போது எது எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியும். சிக்கல் வருவது இன்டர்நெட் கம்பெனி கொடுத்த ரவுட்டர் முன்னாலும் உங்கள் ரவுட்டர் பின்னாலும் இருக்கும்போது. இரட்டை நேட் (இரண்டு ரவுட்டரும் உள் முகவரியைத் தன் முகவரியாக மாற்றி அனுப்புவது) கெட்டது என்று எங்கோ படித்துவிட்டு, உங்கள் ரவுட்டரில் நேட்டை நிறுத்துகிறீர்கள். 192.168.20.5-லிருந்து பாக்கெட் ஒழுங்காக வெளியே போகிறது. ஆனால் 192.168.20.0 எந்தப் பக்கம் இருக்கிறது என்று கம்பெனி ரவுட்டருக்குத் தெரியாது. பதிலை இன்டர்நெட் பக்கமே தள்ளிவிடும், அங்கே அது செத்துப்போகும். கம்பெனி ரவுட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட் (அந்த சப்நெட் உங்கள் ரவுட்டர் பக்கம் என்று கையால் எழுதும் வழி) போட இடமிருந்தால் போடுங்கள். அப்படியும் தன் சொந்த சப்நெட்டுக்கு மட்டுமே நேட் செய்யும் ரவுட்டர்களும் உண்டு. இப்படி எதுவும் சரிவரவில்லையென்றால் இரட்டை நேட்டோடே இருந்துவிடலாம். வெளியிலிருந்து போர்ட் ஃபார்வர்டு செய்யாதவரை அது ஒன்றும் பாவமில்லை.

இதைவிட ஆளைக் குழப்புவது இரண்டு விலானில் கால் வைத்த சர்வர். நாஸுக்கு 192.168.10.5, 192.168.20.5 என்று இரண்டு முகவரி. 192.168.10.50-இல் இருக்கும் லேப்டாப் 20.5-ஐ அழைக்கிறது. கேள்வி ஃபயர்வால் வழியாகப் போகிறது. நாஸோ, ‘10 வரிசையில் எனக்கே ஒரு கால் இருக்கிறதே’ என்று பதிலை நேராக லேப்டாப்புக்கு அனுப்பிவிடுகிறது. ஃபயர்வாலுக்குத் தெரிந்தது பாதிப் பேச்சுதான். பிங் நன்றாக ஓடும், எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் இணைப்பு) திறக்கும், கொஞ்ச நேரத்தில் அப்படியே உறைந்து நிற்கும். கேபிளை மாற்றி, ஸ்விட்ச்சை மாற்றி அலைவதற்கு முன் டிசிபிடம்ப்பை (பாக்கெட்டுகளைப் பார்க்கும் கருவி) இரண்டு பக்கமும் ஓடவிடுங்கள். ஃபயர்வாலில் கேள்வி மட்டும் தெரிந்து பதில் தெரியாவிட்டால் சிக்கல் இதுதான். ஒரு காலை எடுத்துவிடுவதே நல்ல தீர்வு.

ஃபயர்வால் விதியில் கதை தலைகீழ். அங்கே பதிலுக்கு வழி திறக்கவே கூடாது. அனுமதித்த இணைப்பின் பதிலை ஃபயர்வால் நினைவில் வைத்துத் தானே உள்ளே விடும். 10-லிருந்து 30-க்கு விதி போட்டுவிட்டு, ‘பதில் வரவேண்டுமே’ என்று 30-லிருந்து 10-க்கும் ஒன்று போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கேமராவுக்கு வீட்டு லேப்டாப் வரை கதவைத் திறந்துவிட்டதாக ஆகிவிடும். பிறகு விலான் எதற்கு?

பிஎஃப்சென்ஸில் புதிதாகச் சேர்த்த இன்டர்ஃபேஸில் விதி எதுவும் இருக்காது, எல்லாமே அடைபட்டிருக்கும். டிஎச்சிபிக்கு (ஐபி கொடுக்கும் சேவை) மட்டும் அதுவே வழி விட்டுவிடும் என்பதால் ஐபி கிடைக்கும், வேறெதுவும் ஓடாது. உடனே கோபத்தில் ‘எல்லாவற்றுக்கும் அனுமதி’ என்று ஒரு விதி போடுவார்கள். இன்டர்நெட் வரும், கூடவே மற்ற விலான்களும் திறந்துகொள்ளும். அந்த விதிக்கு மேலே, உள் முகவரிகளான 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 ஆகியவற்றைத் தடுக்கும் விதி ஒன்று வேண்டும். அதற்கும் மேலே, டிஎன்எஸ்ஸுக்கு (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) மட்டும் ஒரு அனுமதி. விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும், முதலில் பொருந்துவதே செல்லும். மைக்ரோடிக்கில் நேர்மாறு: நீங்கள் தடுக்காதவரை விலான்கள் ஒன்றோடொன்று தாராளமாகப் பேசும்.

டிஎன்எஸ் என்றதும் நினைவுக்கு வருவது பை-ஹோல், விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் சர்வர். அதை விலான் 20-இல் வைத்து, ஃபயர்வாலில் டிஎன்எஸ் போர்ட்டான 53-ஐயும் திறந்தாகிவிட்டது. ஆனாலும் விலான் 10-க்குப் பதில் வரவில்லை என்றால், அது பை-ஹோலின் இயல்பான அமைப்பு: தன் சொந்த சப்நெட்டிலிருந்து வரும் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். செட்டிங்கில் அதை மாற்ற வேண்டும். குரோம்காஸ்ட்டும் பிரிண்டரும் கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு காரணத்தால். அவற்றைத் தேடும் எம்டிஎன்எஸ் செய்தி 224.0.0.251-க்குப் போவது, ரவுட்டரைத் தாண்டாது. ரவுட்டரில் அவாஹி என்ற மென்பொருளைப் போட்டு, அந்தச் செய்தியை மற்ற விலானுக்கும் அனுப்பும் ரிஃப்ளெக்டரை ஆன் செய்தால் தெரியத் தொடங்கும்.

நாஸை எங்கே வைப்பது என்பதையும் வேகத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். லேப்டாப் 10-லும் நாஸ் 20-லும் இருந்தால், இரண்டும் ஒரே ஸ்விட்ச்சில் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருந்தாலும், ஒவ்வொரு பைட்டும் ரவுட்டர் வரை ஏறி இறங்கும். ரவுட்டருக்கு ஒரே ஒரு 1 ஜிகாபிட் கேபிள்தான் என்றால், இன்டர்நெட், பேக்கப், சினிமா எல்லாம் அதே கேபிளில் முட்டிக்கொள்ளும். தினமும் அதிகமாகப் பேசிக்கொள்ளும் இரண்டையும் ஒரே விலானில் விட்டுவிடுங்கள்.