87 வரிகளில் பேரண்ட வீக்கம்: நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

"தொடக்கத்தில் பிரபஞ்சம் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் விரிந்தது அப்பா?" என்று ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கேட்டாள். அன்று பதில் தெரியவில்லை. சில நாள் படித்த பிறகுதான் கேள்வியையே மாற்ற வேண்டும் என்று புரிந்தது. விரிவுக்கு ஒற்றை வேகம் கிடையாது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளி மெதுவாக விலகும், தொலைவில் இருப்பது வேகமாக விலகும். ஆகவே கேட்க வேண்டியது இதுதான்: இரண்டு மடங்காக எவ்வளவு நேரம் பிடித்தது? பிரபஞ்சத்தின் தொடக்கத்தில், நொடியின் மிகச் சிறிய துணுக்குக்குள் வெளி (விண்வெளி) இப்படி மீண்டும் மீண்டும் இரட்டித்துப் பெருகியது என்ற கருத்துக்குத்தான் பேரண்ட வீக்கம் என்று பெயர்.

ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் 1 முதல் 87 வரை வரி எண் போடுங்கள். தொடக்க அளவாக ஓர் அணுவின் குறுக்களவை வைத்துக்கொள்வோம்: 1 மீட்டரை 1,000 கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்று. (அந்தக் காலத்தில் அணுக்களே இல்லை. இது வெறும் அளவுகோல்.) ஒவ்வொரு வரியிலும் முந்தைய அளவை இரட்டியுங்கள். எல்லாவற்றையும் பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம். 10 முறை இரட்டித்தால் 1,024 மடங்கு, அதாவது பத்து வரிக்கு மூன்று பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் போதும்.

20-ஆவது வரியில் தலைமுடியின் தடிமன் அளவுக்கு வந்திருப்பீர்கள். 34-ஆவது வரியில் ஓர் ஆள் உயரம். பாதி தூரம், 43-ஆவது வரி, இன்னும் ஒரு கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை! இங்கே கொஞ்சம் நிறுத்தி, கடைசி வரியில் என்ன வரும் என்று ஊகித்து ஓரத்தில் எழுதிவையுங்கள். என் மகள் "சென்னை அளவு இருக்குமா?" என்று கேட்டாள்.

70-ஆவது வரியில் பூமிக்கும் சூரியனுக்கும் இடையே உள்ள தூரத்தை நெருங்கிவிடும். 87-இல் ஒன்றரை ஒளியாண்டுக்கும் (ஒளியாண்டு என்பது ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் தூரம்) மேல். இந்த 87 என் விருப்பத்துக்குப் போட்ட எண் இல்லை. வீக்கத்தின்போது வெளி குறைந்தபட்சம் 1-க்குப் பின் 26 பூஜ்யம் போட்ட மடங்கு பெருகியிருக்க வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதற்கு ஏறத்தாழ இத்தனை இரட்டிப்பு தேவை.

அப்புறம் நேரம். 1 நொடியை, 1-க்குப் பின் 32 பூஜ்யம் போட்ட எண்ணால் வகுங்கள். வீக்கத்தை விளக்கும் பல கோட்பாட்டு மாதிரிகளில் 87 வரியும் அந்தத் துணுக்குக்குள் முடிந்துவிடுகின்றன. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் ஏறத்தாழ ஒரே நேரம்தான். ஆனால் முதல் வரியில் கூடியது ஓர் அணுவளவு, கடைசி வரியில் கூடியதோ முக்கால் ஒளியாண்டுக்கும் மேல். "ஒளியைவிட வேகமாகப் போகலாமா?" என்ற கேள்வி இங்கேதான் வரும். வெளிக்குள் எதுவும் அப்படி ஓடவில்லை. வெளிதான் நீண்டது. ஐன்ஸ்டைனின் விதி அதைத் தடுக்கவில்லை.

இதை எதற்கு நம்ப வேண்டும்? வானத்தின் எந்தத் திசையிலிருந்தும் வரும் நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சின் (பிரபஞ்சத்தின் இளமைக் காலத்திலிருந்து மிஞ்சிய ஒளி) வெப்பநிலை சுமார் 2.7 கெல்வின். திசைக்குத் திசை வித்தியாசம் லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். எதிரெதிர் திசைகள் ஒன்றையொன்று தொட்டுப் பேச நேரமே இல்லாதபோது, எப்படி ஒரே வெப்பநிலைக்கு வந்தன? நம் நோட்டின் முதல் வரியில் அவை ஒட்டி இருந்தன என்பது 1981-இல் இயற்பியலாளர் ஆலன் கூத் வெளியிட்ட கட்டுரை தந்த விடை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விடை இது. அந்தச் சின்ன வித்தியாசங்களை 1992-இல் நாசாவின் கோபி (COBE) செயற்கைக்கோள் குழு அறிவித்தது. வீக்கம் எழுப்பியிருக்க வேண்டிய ஈர்ப்பலைகளின் (வெளியிலேயே எழும் அலைகள்) தடயம் இன்னும் கிடைக்கவில்லை. அதனால் இது இறுதியாக நிரூபணமானது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

சரி, 88-ஆவது வரியைக் காலியாக விட்டு, பக்கத்தில் இன்றைய கணக்கை எழுதுங்கள். இப்போதைய வீதத்திலேயே போனால், அடுத்த ஒரே ஒரு இரட்டிப்புக்கு ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டுகள்.