ஆச்சி குரல் திரும்பக் கேட்டது

1993 பொங்கலன்று அப்பா வீட்டில் பதிவு செய்த கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. போட்டால், ஆச்சி கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் மங்கலாகக் கேட்டது. டேப் ரெக்கார்டரில் நாடாவின் ஒலியைப் படிக்கும் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தும் பலனில்லை. அப்புறம்தான் பார்த்தேன், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் குட்டி மெத்தைத் துண்டு கழன்று கிடந்தது. பழைய கேசட்டுகளில் பசை காய்ந்துபோனால் இப்படித்தான்.

வேண்டாத ஒரு கேசட்டின் ஐந்து ஸ்குருக்களைக் கழற்றி, சுருள் இரண்டையும் அந்தக் கூட்டுக்குள் மாற்றினேன். (திறந்ததும் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்காமல், நாடா எந்த உருளையைச் சுற்றி வரும் என்று அரைமணி நேரம் முழித்தேன்.) மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் காதுகளை உடைத்துவிட்டேன், தவறிப்போய் மேலே வேறெதுவும் பதிவாகாது. ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் போட்டு, ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, வேவ் (WAV) ஒலிக்கோப்பாக இரண்டு இடங்களில் வைத்தேன்.

இரைச்சலை நீக்கத்தான் முதலில் நினைத்தேன். நல்லவேளை, நீக்கவில்லை. பாத்திரம் உருள்வது, தெருவில் கரும்பு விற்பவர் குரல், "ஏளா, பால் பொங்கிட்டா?" என்று ஆச்சி கேட்பது எல்லாம் அந்த இரைச்சலுக்குள்தான் இருக்கின்றன. அம்மா அந்தக் கேள்விக்கு இப்போதும் சத்தமாகப் பதில் சொல்கிறார்.